மூக்கு ஒப்படைப்பு ரசீது

அனிமேஷன் கல்லூரியின் வாசலில் ‘ஈர்ப்பே தகுதி’ என்று ஒரு பலகை இருந்தது. அதைப் பார்த்து ஈர்க்கப்பட்டு யாரும் உள்ளே போனதாகத் தகவல் இல்லை. வேறு வாசல் கிடையாது என்பதால் போனார்கள்.

ஆண்டுக்குப் பன்னிரண்டு பேரைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். சேர விரும்புகிறவர் ஒரு படக்கோப்பு கொடுக்க வேண்டும். கோப்பில் ஓடும் குதிரை, சுருங்கிய துணி, நாற்காலி என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் முதல் பக்கத்தில் சொந்தமாக உருவாக்கிய கார்ட்டூன் பாத்திரம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதற்கு ஈர்ப்பும் இருந்தே ஆக வேண்டும். ஈர்ப்பு என்றால் என்ன என்பதை விதிப்புத்தகத்தின் நான்காம் பக்கம் சொன்னது: ‘பார்த்தவுடன் பிடிப்பது.’ யார் பார்த்தவுடன் என்பதை ஐந்தாம் பக்கம் சொன்னது: ‘உரிய அலுவலர்.’

டோக்கனின் படக்கோப்பு சென்ற ஆண்டு திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ‘ஈர்ப்பு: நாற்பதுக்குப் பதினொன்று.’

டோக்கன் என்பது அவள் பெயர் அல்ல. பல் ஆஸ்பத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வரிசை எண் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. எல்லாரும் அவளை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். வரைகிறவர்களுக்கு அதைவிட நல்ல வேலை அமையாது. பல்வலிக்காரருக்குத் தன் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெம்பு இருக்காது. முகம் தன் இஷ்டத்துக்குக் கிடக்கும். மீந்த சீட்டுகளின் பின்புறம் முழுக்க அவள் முகங்களாக வரைந்து தள்ளியிருந்தாள். ஆனால் கல்லூரியில் சேர உச்ச வயது இருபத்தைந்து. அவளுக்கு இருபத்தைந்து முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. இந்த ஆண்டு விட்டால் விட்டதுதான். அப்புறம் ஆயுசுக்கும் எண் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தத் தடவை அவள் பெரியம்மாவை வரைந்தாள்.

பெரியம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில், தொலைந்த பொருள் கவுன்டரில் வேலை. இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலி. டோக்கனும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பெரியம்மாவுக்குக் கழுத்து என்று ஒன்று கிடையாது. தலை நேரே தோளில் உட்கார்ந்திருக்கும். மூக்கு கொஞ்சம் முன்னால் போய், வருகிறவர் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் முகத்துக்குச் சேதி சொல்லும். இடது புருவம் வலதைவிட ஒரு மாடி உயரம். இடுப்பில் ஏழு சாவி. கையில் யாரோ விட்டுப்போன குடை. டோக்கன் எதையும் மிகைப்படுத்தவில்லை. இரண்டு இடத்தில் குறைத்துக்கூடப் போட்டாள். பாத்திரத்துக்குப் பூட்டுப் பெரியம்மா என்று பெயர் வைத்தாள்.

பெரியம்மா படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது நானா?”

“உங்களைப் பார்த்து வரைஞ்சது, பெரியம்மா.”

“மூக்கு கொஞ்சம் ஓவரு.”

“உள்ளதைத்தான் போட்டிருக்கேன்.”

“உள்ளதைப் போட்டா எவளுக்குடி பிடிக்கும்?” என்றாள். ஆனாலும் படத்தை அலமாரியில் சாய்த்துவைத்து, டீ குடித்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். “குடை கருப்பு இல்ல, பச்சை. கருப்புக் குடைக்கு ஆள் வந்துட்டாரு.”

கவுன்டரில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். அடையாளம் சொல்லாமல் பொருள் கிடையாது. ‘கருப்பா இருக்குங்க’ என்பது அடையாளம் ஆகாது. ‘கைப்பிடியில என் பொண்ணு கடிச்ச தடம் இருக்கும்’ என்பது அடையாளம். நிலைய மேலாளரே ஒருமுறை தன் பையைத் தொலைத்துவிட்டு வந்து, “ஒரு பை, நல்ல பை” என்றார். பை அவர் கண்ணெதிரே, அவள் பின்னால் இருந்த தட்டில் இருந்தது. அவர் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

படத்தில் குடையைப் பச்சையாக்கி எடுத்துக்கொண்டு டோக்கன் கல்லூரிக்குப் போனாள். அங்கே இந்த ஆண்டு ஒரு புது ஏற்பாடு. ஈர்ப்புக் குறைவாக வரும் பாத்திரங்களால் தேர்வுக் குழுவின் மனம் புண்படுவதைத் தவிர்க்க, ‘முன்திருத்தம்’ என்று மூன்று பிரிவுகள் திறந்திருந்தார்கள். மூன்றிலும் முத்திரை வாங்கிய பாத்திரம்தான் குழுவின் பார்வைக்குப் போகும். அவளுடைய கோப்புக்கு எண்பத்தாறு என்று எண் கொடுத்தார்கள். எண் வாங்கும் பக்கத்தில் நின்றது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

முதல் பிரிவு வடிவப் பிரிவு. அதன் அலுவலரை வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் உருண்டை சார் என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், மடக்குக் குடைபோல ஒரு மனிதர், உடம்பெல்லாம் முட்டி. கையில் கரும்பலகையில் வட்டம் போடும் மரக் காம்பஸ்.

“வட்டம் நம்பிக்கை. சதுரம் பிடிவாதம். முக்கோணம் கெட்டவன்,” என்றார். “இது ஆராய்ச்சி.”

“யாரோட ஆராய்ச்சி சார்?”

“எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவரோடது. இவங்க என்ன வடிவம்?”

“மனுஷ வடிவம் சார்.”

அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். “அப்படி ஒண்ணு இதுல இல்லியேம்மா.”

காம்பஸின் முள்ளைப் பூட்டுப் பெரியம்மாவின் வயிற்றில் ஊன்றி, சுற்றிலும் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்கு வெளியே முழங்கைகள் நின்றன. குடை நின்றது. சாவிக்கொத்து நின்றது. உருண்டை சார் மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

“சார், அது அசல்.”

“பயப்படாதீங்க. இந்த நிறுவனத்துல எதுவும் வீணாப் போகாது. வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிறது எல்லாம் அதிகப்படி. அதிகப்படி எல்லாம் காப்பறைக்குப் போயிடும். ரசீது குடுத்துருவோம்.”

வெட்டியதையெல்லாம் ஒரு பழுப்பு உறையில் போட்டு, மேலே ‘86’ என்று எழுதினார். ரசீதும் எழுதினார். ‘முழங்கை 2, குடை 1, சாவி 7. மொத்தம் 10 உருப்படி.’ மூக்கு நுனியும் வட்டத்தைத் தாண்டி நீண்டிருந்தது. அதை அவர் தொடவில்லை. “மூக்கு கண் பிரிவோட எல்லைக்குள்ள வருது. அடுத்தவங்க வேலையில நான் தலையிடறதில்ல. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கிற நல்ல பேர்,” என்றபடி முத்திரை குத்தினார்.

கண் பிரிவில் ஒரு மேடம். சோடாப் புட்டியின் அடிபோலக் கண்ணாடி. சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: ‘முகத்தில் பாதி கண். மீதிப் பாதி கண்ணுக்கு இடம்.’

“கண்ணு எங்கம்மா?” என்றார்.

டோக்கன் காட்டினாள்.

“இதுவா? நான் அழுக்குன்னு நெனச்சேன்.”

மேடத்திடம் அச்சடித்த கண்கள் அட்டை அட்டையாக இருந்தன. மூன்று அளவு: பெரியது, மிகப் பெரியது, நிறுவன அளவு. நிறுவன அளவில் ஒரு ஜோடியைப் பிய்த்து முகத்தில் வைத்துப் பார்த்தார். நடுவில் மூக்கு தடுத்தது.

“மூக்கை ஒப்படைச்சிடுங்க.”

“அந்த மூக்குதான் மேடம் இவங்க. அது இல்லாட்டி இவங்க எப்படி மூச்சு விடுவாங்க?”

“மூச்சு விடறது அடுத்த பிரிவு.” மேடம் கத்தரியை எடுத்தார். வெட்டும்போது பேசிக்கொண்டே வெட்டும் பழக்கம் அவருக்கு. “புருவத்தையும் எடுத்துடலாம். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. சந்தேகப்படற மாதிரி இருக்கு.”

“சந்தேகப்படறதுதான் மேடம் இவங்க வேலை. தொலைஞ்ச பொருள் ஆபீஸ்ல இருக்காங்க.”

“சந்தேகத்துக்கு ஈர்ப்பு கிடையாதும்மா. நான் இந்த நாற்காலியில இருபது வருஷமா இருக்கேன். மேல இருந்து வர்ற எந்த உத்தரவையும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல. என் முகத்தைப் பாருங்க. ஒரு சுருக்கம் இருக்கா?”

டோக்கன் பார்த்தாள். இல்லை. வரைவதற்கும் அந்த முகத்தில் எதுவும் இல்லை. இருபது வருடமாக யாரும் குடியிருக்காத வீடுபோலச் சுத்தமாக இருந்தது.

‘மூக்கு 1 (நீளம்), புருவம் 2. மொத்தம் 3 உருப்படி.’ இரண்டாவது ரசீது. இரண்டாவது முத்திரை.

மூன்றாவது முன்கதைப் பிரிவு. பாத்திரத்துக்கு ஒரு சோகம் இல்லாவிட்டால் ஈர்ப்பு ஒட்டாது என்பது அங்கே கொள்கை. அதைக் கவனித்துக்கொண்டவர் நல்ல கலகலப்பான மனிதர். பிஸ்கட் தின்றுகொண்டே எல்லாருக்கும் சோகம் வழங்கினார்.

“என்ன வயசு?”

“அம்பத்திரண்டு சார்.”

“எட்டு வெச்சுக்குங்க. அம்மா அப்பா?”

“இருக்காங்க சார்.”

“எடுத்துருங்க.”

“எங்கேயிருந்து சார்?”

“உலகத்துலேயிருந்துதான். வெள்ளமா, தீயா? தீ இந்த வருஷம் நிறையப் பேர் எடுத்துட்டாங்க, வெள்ளம்னா உடனே கிடைக்கும்.”

டோக்கன் வெள்ளம் வாங்கிக்கொண்டாள். “எட்டு வயசுல பஸ் ஸ்டாண்டுல எப்படி சார் வேலைக்கு எடுத்துப்பாங்க?”

“அதான் சோகம்,” என்று பிஸ்கட்டை நீட்டினார். அப்புறம் யோசித்து, “வேலையே வேணாம்மா. வேலைக்குப் போற ஆளை யாருக்குப் பிடிக்குது? நான் தினமும் வேலைக்கு வர்றேன். என்னை இங்க யாருக்காவது பிடிக்குதா, கேட்டுப் பாருங்க. மனுஷிங்கிறது கட்டாயமா?”

“இதுவரைக்கும் அப்படித்தான் சார்.”

“அதைத் திறந்தே வைங்க.”

அச்சடித்த கண்ணீர்த் துளி ஒன்றை இடது கண்ணுக்குக் கீழே ஒட்டினார். வாய் கொஞ்சம் பெரிதாகப் பட்டது. அதையும் நறுக்கி உறையில் போட்டார். “பேச வேண்டிய சமயத்துல பிரின்சிபால் பேசிப்பார்,” என்றார். மூன்றாவது ரசீதும் முத்திரையும் விழுந்தன.

தாழ்வாரத்து பெஞ்சில் டோக்கன் உட்கார்ந்து தன் படத்தைப் பார்த்தாள். ஒரு உருண்டை. இரண்டு கண். ஒரு சொட்டுக் கண்ணீர். பக்கத்தில் தடித்த இளைஞன் ஒருவன் உட்கார்ந்து, தன் மடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் லாரி பின்பக்கத்தில் பூ, கிளி, கண்ணாடி மாளிகை எல்லாம் வரைகிறவன். ஒரு பஸ் கண்டக்டரை வரைந்து கொண்டுவந்திருந்தானாம். சைக்கிள் ஹாண்டில்பார் மாதிரி மீசை. இறங்க வேண்டியவர்கள் மீசை நுனியில் இருக்கும் மணியை அடிப்பார்கள்.

“மீசை எங்க?”

“வட்டத்துக்கு வெளியே போயிடுச்சு. ரசீது இருக்கு.”

இரண்டு பேரும் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வைத்தது தப்பாகப் போயிற்று. எடுக்கும்போது யாருடையது எது என்று தெரியவில்லை.

“நீங்க எதாவது தின்னீங்களா?” என்று டோக்கன் கேட்டாள்.

“ஒரு பன்.”

ஒரு உருண்டையின் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. அதை அவனிடம் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா படத்தை வாங்கி, விளக்கடியில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

“இது யாருடி?”

“நீங்கதான்.”

“என் மூக்கு?”

“ஒப்படைச்சாச்சு. ரசீது வாங்கிட்டேன்.”

“சாவி?”

“ஏழும். அதே உறையில இருக்கு.”

பெரியம்மா மூன்று ரசீதையும் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். மேலும் கீழும் திருப்பினாள். “எழுத்து நல்லா இருக்கு. ஆனா அடையாளம்னு ஒரு கட்டமே இல்ல. மூக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கான். எந்த மூக்குன்னு நாளைக்குக் கேட்டா என்ன சொல்லுவான்?” படத்தை டோக்கனிடமே கொடுத்துவிட்டாள். அலமாரியில் வைக்கவில்லை.

“இது போனா ஸீட் கிடைக்கும் பெரியம்மா.”

“கிடைக்கட்டும். நான் என்ன சொன்னேன்?”

பத்து நாள் கழித்து நேர்காணல் கடிதம் வந்தது. ‘திருமதி பூட்டுப் பெரியம்மா அவர்கள் வியாழன் காலை நேரில் வரவும். உடன் ஒருவரை அழைத்து வரலாம்.’

விண்ணப்பத்தில் இரண்டு பெயர்க் கட்டங்கள் இருந்தன: முதல் பக்கத்தில் பாத்திரத்தின் பெயர், மூன்றாம் பக்கத்தில் வரைந்தவரின் பெயர். முதல் பக்கம்தான் முக்கியமானது என்பதால், பட்டியல் தயாரித்த குமாஸ்தா அதிலிருந்து எடுத்துக்கொண்டார். வரைகிறவர்களின் பெயர் எதற்காவது தேவைப்படும் என்று அந்தக் கல்லூரியில் யாருக்கும் தோன்றியதில்லை.

பெரியம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அவளை எந்த அலுவலகமும் இதுவரை கூப்பிட்டதில்லை. அரை நாள் லீவு சொல்லி, ஏழு சாவியும் பச்சைக் குடையுமாகக் கிளம்பினாள். டோக்கன் உடன் வந்தவள் ஆனாள்.

வாசலில் அட்டெண்டர் பட்டியலோடு நின்றார். முன்னால் ஒருவன், “கிண்கிணி முதலை,” என்றான்.

“நீங்களா?”

“ஆமா.”

“முதலைன்னு போட்டிருக்கு.”

“அப்படித்தான் சொல்லிக்கிறாங்க.”

அட்டெண்டர் டிக் அடித்தார். அடுத்து லாரிப் படக்காரன், “டபுள் பெல் கண்டக்டர்” என்று சொல்லி உள்ளே போனான். பெரியம்மாவின் முறை வந்ததும் அவர் ஏற இறங்கப் பார்த்தார். அன்று காலையிலிருந்து கடிதத்தில் இருக்கிற ஆள் நேரில் வந்தது அதுதான் முதல் தடவை.

கூடத்தில் நூற்றுநாற்பது பேர். மேடையில் பிரின்சிபால், பக்கத்தில் மூன்று பிரிவு அலுவலர்கள். நடுவில் மேசைமேல் நூற்றுநாற்பது படங்கள். குழு பாரபட்சமின்றி மதிப்பிடவேண்டும் என்பதற்காக எல்லாப் படத்திலிருந்தும் பெயரையும் எண்ணையும் கத்தரித்துவிட்டிருந்தார்கள். கல்லூரியில் கத்தரிக்கோலுக்கு ஓய்வே இல்லை.

பிரின்சிபால் எழுந்து பேசினார்.

“ஈர்ப்புன்னா என்ன? நாங்க முப்பது வருஷமா இந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருந்தோம். பதில் தேடறதுல நேரத்தை வீணாக்கல. போன வருஷம் வரைக்கும் இங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி வரைஞ்சுக்கிட்டு வந்தீங்க. பார்க்கிற எங்களுக்கு எவ்வளவு சிரமம், யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு பிடிக்குது, ஒண்ணு பிடிக்கல. ராத்திரி வீட்டுக்குப் போனா ஒரு முகம் ஞாபகம் வருது. இது நியாயமா? இந்த வருஷம் முன்திருத்தத்தால நூத்தி நாற்பது பேரும் நாற்பதுக்கு நாற்பது. எனக்கு ஒரு முகம்கூட ஞாபகம் இல்ல. நேத்து நிம்மதியாத் தூங்கினேன். இது இந்த நிறுவனத்தோட வெற்றி.”

அலுவலர்கள் கை தட்டினார்கள். பிறகு பிரின்சிபால் மேலாக இருந்த படத்தை உயர்த்திக் காட்டினார்.

“குழு ரொம்ப யோசிச்சு பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்திருக்கு. முதல் இடம் இது. இதை வரைஞ்சவர் எழுந்து நிக்கலாம்.”

நூற்றுநாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்கு அது அவரவருடையதாகவே தெரிந்தது. டோக்கனும் நின்றாள்.

பிரின்சிபால் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்புறம் வெற்றுத்தாள். உருண்டை சாரைப் பார்த்தார். உருண்டை சார் கண் மேடத்தைப் பார்த்தார். கண் மேடம் அடுத்தவரைப் பார்த்தார். அவர் பிஸ்கட்டைப் பார்த்தார். கூடத்தில் ஆளாளுக்கு, “என்னோடதுதான் சார்”, “இந்த ஓரத்தைப் பாருங்க சார், என் கோடு” என்று முன்னால் நகர்ந்தார்கள். லாரிப் படக்காரன் எண்ணெய்க் கறையைத் தேடினான். குமாஸ்தா ஓரங்களையும் கத்தரித்திருந்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாமா என்று பிரின்சிபால் குனிந்து கேட்டது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

டோக்கன் விரல்விட்டு எண்ணினாள். இரண்டு மாதத்தில் வயது முடிகிறது. நூற்றுநாற்பதில் பன்னிரண்டு என்றால் என்ன கணக்கு என்று போட்டுப் பார்க்கவும் முடியவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து சாவிச் சத்தம் கேட்டது.

“அடையாளம் சொல்லச் சொல்லுங்க,” என்றாள் பெரியம்மா.

“நீங்க யாரு?”

“பட்டியல்ல இருக்கேன். பூட்டுப் பெரியம்மா.”

பிரின்சிபால் பட்டியலைப் பார்த்தார். இருந்தது. கண் மேடம் மட்டும் எழுந்தார். “இவங்களுக்கு மூக்கு இருக்கு. நான் ஒப்படைக்கச் சொன்னேனே.”

“ஒப்படைச்சது படத்துல இருந்தது. இது நான் வெச்சிருக்கிறது,” என்றாள் பெரியம்மா. அதற்குள் மேடை ஏறி, பிரின்சிபாலின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு வருடமாக எந்த மேசைக்குப் பின்னால் நாற்காலி தெரிந்தாலும் அது தன்னுடையது என்றே அவளுக்குத் தோன்றும். “வரிசையா வாங்க. படத்துக்கு முதுகு காட்டி நில்லுங்க. ம், சொல்லுங்க.”

“உருண்டையா இருக்கும்,” என்றான் கிண்கிணி முதலை.

“அப்புறம்?”

“ரெண்டு கண்ணு.”

“அப்புறம்?”

“ஒரு சொட்டுக் கண்ணீர்.”

“அடுத்தவங்க.”

அடுத்தவர் உருண்டையா இருக்கும் என்றார். இருபத்துமூன்று பேர் வரை பெரியம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு பிரின்சிபாலைக் கூப்பிட்டாள். “நீங்க வாங்க. தேர்ந்தெடுத்தது நீங்கதானே. இந்தப் பன்னிரண்டுல ஏதாவது ஒண்ணுக்கு அடையாளம் சொல்லுங்க.”

பிரின்சிபால் படத்துக்கு முதுகு காட்டி நின்றார். கூடம் அவரையே பார்த்தது.

“அது... ஈர்ப்பா இருக்கும்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. என் கவுன்டருக்கு வர்றவங்களும் ‘நல்ல குடைங்க’ன்னுதான் சொல்லுவாங்க. நான் குடுக்கிறதில்ல.” பெரியம்மா படக்கட்டைத் தட்டி ஒழுங்காக அடுக்கி ஓரம் வைத்தாள். “அடையாளம் இல்லாத பொருள். முப்பது நாள் வெச்சிருந்துட்டுப் பழைய பேப்பரோட சேர்த்துடுங்க. வெட்டினதெல்லாம் எங்க?”

காப்பறை என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு அலமாரி. அட்டெண்டர் பழுப்பு உறைகளைக் கூடைகூடையாகக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். உறைகளின் வாய் ஒட்டியிருக்கவில்லை. பசை கொடுக்கும் பொறுப்பு எந்தப் பிரிவுடையது என்று இன்னும் முடிவாகவில்லை. உள்ளே இருந்தவை எல்லாம் மேசைமேல் சரிந்தன.

மூக்குகள். மீசைகள். ஒரு மரக்கால். முன்னால் துருத்திய பற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. கோபமான முழங்கால் ஒன்று. வழுக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு காக்கை, வழுக்கையோடு சேர்த்து. யாரோ ஒருத்தியின் மிகப் பெரிய பின்னழகு, அதன்மேல் மடக்கி வைத்த நாற்காலி.

கூடமே எட்டிப் பார்த்தது. பிறகு யாரோ ஒருவர் சிரித்தார். சிரித்தது உருண்டை சார். அந்தக் காக்கையைப் பார்த்துவிட்டார். உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். ஆனால் அதற்குள் கூடம் முழுக்கப் பற்றிக்கொண்டது.

“அந்த மீசை என்னோடது,” என்றான் லாரிப் படக்காரன்.

“அடையாளம்?”

“இடது நுனியில ஒரு மணி. வலது நுனியில மணி இல்ல, பாதி வழியில கழண்டு விழுந்துடுச்சு. அதனால அந்தப் பக்கம் உட்கார்றவங்க இறங்கவே முடியாது.”

பெரியம்மா மீசையைத் தூக்கிப் பார்த்தாள். அப்படியே இருந்தது. ரசீதை வாங்கிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு மீசையைக் கொடுத்தாள். அப்புறம் வரிசை ஓடியது. மேசைக்கு முதுகு காட்டித்தான் எல்லாரும் நின்றார்கள், ஒருத்தர்கூடத் தடுமாறவில்லை. பற்களில் இருந்த எழுத்துகளை முதலைக்காரன் மனப்பாடமாகச் சொன்னான். மெல்லும்போது அது வேறு வாக்கியமாக மாறும் என்றும் சொன்னான். எழுபதாவது ஆள் வரும்போது அலுவலர்கள் மூன்று பேரும் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோகம் வழங்குகிறவர் பிஸ்கட்டை மறந்துவிட்டார்.

பிரின்சிபால் மட்டும் தள்ளி நின்றார். கையில் எதையோ வைத்திருந்தார். உறைகள் சரிந்தபோது எடுத்தது. எடுத்ததைக் கீழே வைக்கவில்லை.

“எண்பத்தாறு,” என்றாள் பெரியம்மா.

டோக்கன் வந்து நின்றாள். பெரியம்மா அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கவுன்டரில் உறவு கிடையாது.

“என்ன பொருள்?”

“ஒரு மூக்கு. ரெண்டு புருவம். ஒரு வாய். ஏழு சாவி. ரெண்டு முழங்கை. ஒரு குடை.”

“மூக்குக்கு அடையாளம்?”

“நீளமா இருக்கும். நுனி கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியிருக்கும். எதிர்ல இருக்கிறவங்க பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் திரும்பும். தனியா இருக்கும்போது நேரா வந்துடும். அது யாருக்கும் தெரியாது. நான் மட்டும்தான் பார்த்திருக்கேன்.”

பெரியம்மா மேசையைத் தேடினாள். மூக்கு இல்லை. ரசீதைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் திருப்பாமலே, “கையில வெச்சிருக்கிறதைக் குடுங்க,” என்றாள்.

பிரின்சிபால் தன் கையைத் திறந்து பார்த்தார். மேசைக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

“நான் ஒண்ணும் எடுத்துக்கணும்னு...” என்று ஆரம்பித்தார்.

பெரியம்மாவின் மூக்கு நுனி லேசாக வலப்பக்கம் திரும்பியது.

அவர் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் தேர்வானவர்கள் பட்டியல் ஒட்டப்பட்டது. ‘நிறுவனத்தின் தொலைநோக்கு மிக்க காப்பறை முறையின் விளைவாக’ என்று தொடங்கியது. பன்னிரண்டு பெயர்களில் மூன்றாவது டபுள் பெல் கண்டக்டர். ஒன்பதாவது: ‘பூட்டுப் பெரியம்மா (நேரில் கண்ட வயது 52, உச்ச வரம்பைத் தாண்டியது). இவருக்குப் பதிலாக உடன் வந்தவர் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்.’ டோக்கனுக்கு அடையாள அட்டையும் அப்படியே வந்தது. பெயர் என்ற இடத்தில் ‘உடன் வந்தவர்’ என்று அச்சடித்திருந்தார்கள். படம் பெரியம்மாவுடையது.

காப்பறைக்குப் பொறுப்பாளராக வரும்படி பெரியம்மாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. குடைகள் காத்திருக்கின்றன என்று பதில் எழுதிவிட்டாள். ரசீதுப் படிவத்தை மட்டும் திருத்திக் கொடுத்தாள். கல்லூரி அதை அவசர அவசரமாக அச்சடித்து, எல்லாப் பிரிவுக்கும் ஐந்நூறு ஐந்நூறாக அனுப்பியது.

முதல் வகுப்பு உருண்டை சாருடையது. பன்னிரண்டு பேருக்கும் வட்டம் போடச் சொன்னார். எல்லாரும் போட்டார்கள். டோக்கன் தன் வட்டத்துக்கு ஒரு மூக்கு வைத்தாள். அது வட்டத்தைத் தாண்டி, மேசையின் ஓரம் வரை போய், யார் வருகிறார் என்று பார்த்தது.

வந்தது உருண்டை சார். குனிந்து பார்த்தார். இழுப்பறைக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார்.

டோக்கன் கையை நீட்டினாள். “ரசீது சார்.”

அவர் புது ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். ‘மூக்கு 1’ என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் ஒரு புதிய கட்டம் இருந்தது: ‘அடையாளம் (வெட்டுவதற்கு முன் நிரப்பவும்).’

‘நீளம்’ என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார். அடித்துவிட்டு மறுபடி மூக்கைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைக் கடித்துக்கொண்டு, இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். மணி அடித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.